25% தள்ளுபடியை விடுங்கள், கட்டப்போகும் 75 சதவீதத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகம் வைத்த தேர்வில் அவளுக்கு 25% ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 4 லட்சம் என்பது 3 லட்சமாகக் குறையும். சனிக்கிழமைக்குள் 50,000 கட்டி சீட்டை உறுதி செய்யச் சொல்கிறார்கள். கவுன்சலிங்கில் கிடைக்கக்கூடிய இன்ஜினீயரிங் கல்லூரியில் பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,10,000 ஆகுமாம். "கிடைச்ச ஸ்காலர்ஷிப்பை யாராவது விடுவாங்களா?" என்கிறார் என் மச்சான். என் சம்பளம் 35,000, சேமிப்பு 2 லட்சம். வீட்டு விசேஷத்துக்காக அவர் சொல்லி வாங்கிய பர்சனல் லோன் போன மாதம்தான் முடிந்தது. இதற்கும் ஒன்று போடலாமா?

பதில்: வேண்டாம். சனிக்கிழமை அந்த 50,000 ரூபாயையும் கட்ட வேண்டாம்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது ஸ்காலர்ஷிப் அல்ல, தள்ளுபடி. 4 லட்சம் என்று விலை வைத்தவர்களே அதில் ஒரு லட்சத்தைக் குறைக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வரவில்லை. அவர்கள் தந்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? ஒவ்வோர் ஆண்டும் இத்தனை மதிப்பெண் எடுத்தால்தான் சலுகை தொடரும் என்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதல் வருடம் மகள் கொஞ்சம் தடுமாறினால் 3 + 4 + 4 + 4 = 15 லட்சம். தடுமாறாவிட்டாலும் 12 லட்சம்.

இனி லோன் கணக்கு. 3 லட்சம், 14% வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,250. அடுத்த வருடம் கட்டணத்துக்கு இன்னொரு லோன், அதற்கடுத்த வருடம் இன்னொன்று. மூன்றாம் ஆண்டில் மூன்று தவணையும் சேர்ந்து 30,000-ஐத் தாண்டும். 35,000 சம்பளத்தில் மீதி நாலாயிரத்துச் சொச்சம். அதில் எப்படி அரிசி வாங்குவீர்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கட்டணம்கூட இல்லை. மச்சான் சொன்னால் லோன் போடுவது உங்களுக்குப் பழகிவிட்டது. தாய்மாமனுக்குப் பெண் மேல் உரிமையும் பாசமும் இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து உங்களுடையது, பிடித்தம் உங்கள் சம்பளத்தில். அவரோடு உட்கார்ந்து மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

உண்மையான உதவித்தொகைகள் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர் என யாரும் பட்டதாரி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 வரை சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தொடங்கிய இத்திட்டம், பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு.

நாலு வருடச் செலவு 4,40,000. முதல் பட்டதாரி சலுகை ஒரு லட்சம், புதுமைப் பெண் 48,000 போக மீதி 2,92,000. மாதக் கணக்கில் 6,000 சொச்சம். சேமிப்பைத் தொட்டுக்கொண்டு, சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். முடியாவிட்டால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை, படிப்பு முடியும்வரை தவணையும் இல்லை.

மாணவிகளுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பு) தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் வருடம் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். போட்டி உண்டு, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கு மற்றொன்றை வாங்கக்கூடாது என்ற நிபந்தனை இருப்பது வழக்கம். ஆகவே கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலரிடம் கேட்டுவிட்டு எது பெரிதோ அதை எடுங்கள். "நான் வாங்கித் தர்றேன், 5,000 கொடுங்க" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பங்களுக்குக் கட்டணமே கிடையாது.

"ஜீரோ காஸ்ட் ஈஎம்ஐ" என்று கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் தரும் கம்பெனிகள் இப்போது பரவிவிட்டன. அதுவும் கடன்தான். பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் வட்டி உள்ளே இருக்கும். பாதியில் கல்லூரி மாறினாலும் தவணை நிற்காது.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த வாரமே முடியுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகை அனுமதியாகி எட்டு மாதமாகியும் பணம் வரவில்லை. பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து பார்த்து அழுதிருக்கிறாள். விசாரித்தால், பணம் அவள் பள்ளியில் திறந்து மறந்துபோன ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்குக்குப் போயிருந்தது. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண் எழுதினாலும், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் இந்தப் பணம் போகும். மகளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பாஸ்புக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். திருத்தம் இருந்தால் கவுன்சலிங் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம்.