ஊட்டி, குன்னூர் பழைய பங்களாக்களில் புகைபோக்கிக்கு மேல் தொப்பி போல ஒரு மூடி இருக்கிறதே, எதற்கு?

கணப்பு (குளிர்காய அறைச் சுவரில் விறகு எரிக்கும் இடம்) உள்ள வீடுகளில் புகைபோக்கியின் வாய்க்கு மேல், சற்று இடைவெளி விட்டுப் பொருத்தும் தகர மூடி அது. சோறு கொதிக்கும்போது பானை மூடியைச் சாய்த்து வைப்போமே, அதுபோலத்தான்: ஆவி வெளியேறும், மேலிருந்து எதுவும் உள்ளே விழாது.

மழையைத் தடுப்பது பாதி வேலைதான். சூடான புகை லேசானது, தானாக மேலே ஏறும். ஆனால் மலையில் ஆடிக் காற்று சரிவிலும் கூரையிலும் மோதிக் கீழே திரும்பினால், ஏறுகிற புகையை அப்படியே அறைக்குள் தள்ளிவிடும். கண் எரியும், சுவரெல்லாம் கரி படியும். மூடி அந்தக் காற்றை நேராக இறங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்புகிறது. வலை வைத்த மூடி என்றால் பறவைகளும் உள்ளே கூடு கட்டாது.

மூடி இருந்தால் புகைபோக்கியைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று நினைப்பது தவறு. விறகுக் கரி உள்சுவரில் படிந்துகொண்டேதான் இருக்கும், அதில் தீப்பிடிக்கவும் கூடும்.