பிறந்த வருடத்தை மாற்றிய மகன்: வலைப்பூ வருமானம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பிளஸ் 1 படிக்கிறான். இயற்பியல், கணக்குப் பாடங்களை எளிமையாக விளக்கி ஒன்றரை வருடமாக வலைப்பூ எழுதுகிறான். 18 வயது ஆனதாகக் காட்டப் பிறந்த வருடத்தை முன்னால் தள்ளிப் போட்டு, வலைப்பூவில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸில் கணக்குத் தொடங்கியிருக்கிறான். 100 டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. இப்போது அடையாள அட்டை கேட்கிறார்கள். "ஆதார்ல வருஷத்தை மட்டும் போன்லயே எடிட் பண்ணி அனுப்பிடலாம்மா" என்கிறான். பள்ளியிலோ, வலைப்பூவை மூடாவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். அவன் அப்பா அரசு ஊழியர், நான் இல்லத்தரசி. என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த ஆதார் யோசனையை இன்றைக்கே கைவிடச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் தவறான பிறந்த தேதியைப் போட்டது அந்த நிறுவனத்தின் விதியை மீறிய செயல். கணக்கு முடங்குவதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். அரசு கொடுத்த அட்டையில் ஓர் எண்ணைத் திருத்தி, அசல் என்று அனுப்புவது வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவு போலி ஆவணம் உருவாக்குவதையும், 340-ஆம் பிரிவு அதை அசலாகப் பயன்படுத்துவதையும் குற்றம் என்கின்றன. 18 வயது ஆகாததால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். ஆனால் ஒரு பிளஸ் 1 மாணவன் அந்தப் படியை ஏறவே வேண்டாமே. உங்கள் சம்மதத்தோடு நடந்தால் உங்கள் மீதும் பொறுப்பு விழும். இதை அவனை உட்கார வைத்துச் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள். பயத்தில் யோசிக்கிற பிள்ளையாகத்தான் எனக்குத் தெரிகிறது.

சரி, பள்ளி மாணவன் எழுதிச் சம்பாதிப்பது தவறா? இல்லை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பற்றியது. உங்கள் மகனை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. அவன் எழுதியதற்கு அவனே உரிமையாளன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதில் வயதைப் பார்ப்பதில்லை.

சிக்கல் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மோகரி பீபி வழக்கில் 1903-லேயே, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கிலும் மைனர் தனக்கு வயது நிரம்பிவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். எனவே விதியை மீறினாய் என்று உங்கள் மகனிடம் யாரும் நஷ்டஈடு கேட்டு வெல்வது கடினம். ஆனால் கணக்கை நீட்டித்தே ஆகவேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவும் இந்தத் தீர்ப்பு உதவாது.

நேரான வழி நிறுவனத்தின் விதியிலேயே இருக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் தங்கள் சொந்த கூகுள் கணக்கிலிருந்து விண்ணப்பிக்கலாம், பணம் அந்தப் பெரியவரின் பெயருக்கு வரும். பழைய கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அதனால் உண்மையான வயதை எழுதித் தெரிவித்து அதை மூடச் சொல்லுங்கள், சேர்ந்திருக்கும் தொகையைத் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கிடைக்காவிட்டாலும் அந்த 100 டாலருக்காக வழக்குக்குப் போக வேண்டாம்.

புதிய விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கட்டும், அப்பா பெயரில் வேண்டாம். அரசு ஊழியர் அனுமதியின்றித் தொழில் நடத்துவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. மத்திய அரசு ஊழியர் என்றால் 1964-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி. குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்தால் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே அவர் தன் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் ஒரு சின்ன விஷயம்: உங்கள் வங்கிப் பாஸ்புக்கிலும் பான் அட்டையிலும் இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்திலும் அப்படியே போடுங்கள். பெயர் பொருந்தாமல் பணம் நின்றுபோய் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

பணம் உங்கள் கணக்கில் விழுந்தாலும் அது மகனுடைய உழைப்பு. 10 வயது நிரம்பிய மைனர் தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவித்திருக்கிறது. வங்கி ஒரு வரம்பு வைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பணம் வந்ததும் மகன் கணக்குக்கு மாற்றுங்கள். யாருடைய பணம் என்பதற்கு அந்த ஸ்டேட்மெண்ட்டே சாட்சி.

வரியைப் பொறுத்தவரை, மைனரின் வருமானத்தைப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரோடு சேர்த்துக் கணக்கிடுவது பொது விதி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அது 64(1ஏ) பிரிவு. பிள்ளை தன் திறமையாலும் அறிவாலும் ஈட்டியதற்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இந்தக் கொள்கையைத் தொடர்கிறது. அவனே எழுதிய பாட விளக்கம் இந்த விலக்கில் வரும் என்பது என் கருத்து. அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டிக்கு விலக்கு கிடையாது, அது அப்பாவின் வருமானத்தோடு சேரும். மைனருக்கும் பான் எண் வாங்கலாம், கணக்கு தாக்கல் செய்வது காப்பாளரின் வேலை. வரவு உங்கள் பெயரில் இருப்பதால், முதல் ஆண்டு ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி பள்ளி. மாணவன் வலைப்பூ எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பள்ளியின் கோபத்துக்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் பாருங்கள். ஆசிரியர் போர்டில் எழுதிப் போட்ட நோட்ஸை அப்படியே தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறானா? கைடு பக்கங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறானா? பள்ளியின் பெயர், முத்திரை, வகுப்புத் தோழர்களின் படம் இருக்கிறதா? இருந்தால் இன்றிரவே நீக்கச் சொல்லுங்கள். பிறர் எழுதியதை விளம்பரத்தோடு வெளியிட்டால் அது பதிப்புரிமை மீறல், அதற்குச் சிறைத்தண்டனை வரை சட்டத்தில் இடமிருக்கிறது.

நீக்கிய பிறகு தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். என்னென்ன நீக்கப்பட்டது, வகுப்பு நேரத்தில் அவன் எழுதுவதில்லை, கணக்கு இனி தாயின் பொறுப்பில் இருக்கும் என்ற மூன்றும் போதும். 8-ஆம் வகுப்பு வரை ஒரு பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டப் பாதுகாப்பு பிளஸ் 1 மாணவனுக்கு இல்லை. அதனால் சண்டைக்குரலில் எழுதாதீர்கள். அதற்கும் டி.சி.தான் பதில் என்றால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். மனுவின் நகலோடு என்னிடமும் வாருங்கள்.