கணினி அறிவியல் படிக்கப்போகும் மகனுக்கு கேமிங் லேப்டாப் அவசியமா?

கேள்வி: மகன் தேசிய சேவை முடிந்து ஆகஸ்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் சேர்கிறான். 2,800 வெள்ளியில் ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டி, இது இல்லாமல் படிக்கவே முடியாது என்கிறான். அவன் தங்கைக்கு உயர்நிலைப்பள்ளியில் வாங்கிய குரோம்புக் (கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் எளிய லேப்டாப்) வீட்டில் சும்மா இருக்கிறது. அது போதாதா?

பதில்:

குரோம்புக் போதாது, அக்கா. 2,800 வெள்ளியும் வேண்டாம். உங்கள் மகன் விளையாடத்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால் அது வேறு கணக்கு. படிப்பைச் சாக்கு வைத்துக் கேட்டால், அதே பல்கலைக்கழகத்தின் கணினியியல் பள்ளியில் படித்துவிட்டு இப்போது நிரல் எழுதியே பிழைக்கிற நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் வருடத்தில் என்ன செய்யப்போகிறான் என்று பாருங்கள். தொடக்கப் பாடமான சிஎஸ்1101எஸ்-இல் நிரல் எழுதுவது சோர்ஸ் அகாடமி என்ற இணையதளத்தில். உலாவி திறந்தால் வேலை முடிந்தது. ஜாவா வரும் பாடத்தில் பள்ளியின் சர்வருக்குள் (தொலைவில் இருக்கும் பொதுக் கணினி) நுழைந்து, கறுப்புத் திரையில் ‘விம்’ என்ற எடிட்டரில் தட்ட வேண்டும். நிரல் ஓடுவது சர்வரில், இவன் கையில் இருப்பது வெறும் விசைப்பலகையும் திரையும். கணினிக் கட்டமைப்புப் பாடத்தில் மிப்ஸ் அசெம்பிளி என்ற, சில்லுக்கு நேராகக் கட்டளை எழுதும் மொழி வரும். அதற்கும் அந்தச் சில்லைப் போல நடிக்கும் ஒரு சிமுலேட்டர்தான். கேமிங் லேப்டாப்பின் விலையை ஏற்றுகிற கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் எங்கேயும் வேலை இல்லை.

“ஏஐ படிக்க என்விடியா கார்டு வேண்டுமே” என்று அடுத்துச் சொல்வான். பாதி உண்மை. ஏஐ வேலைக்கு அதிகம் பயன்படும் ‘கூடா’ (CUDA) நிரல்கள் என்விடியா கிராபிக்ஸ் கார்டில்தான் ஓடும். ஆனால் லேப்டாப்பில் வரும் 4060, 5060 கார்டுகளின் நினைவகம் 8 ஜிபி. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி ஒன்றை 16 பிட்டில் (ஒவ்வோர் அளவுருவுக்கும் இரண்டு பைட்) ஏற்ற, அளவுருக்களுக்கு மட்டுமே சுமார் 14 ஜிபி ஆகும். அப்படியே ஏற்ற முடியாது, சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். பாடத்துக்கான சின்னச் சின்னப் பயிற்சிகளுக்குக் உலாவியிலேயே கூகுளின் கணினிகளில் நிரல் ஓட்டவிடும் கூகுள் கொலாப் போதும், பெரிய வேலைக்குப் பள்ளியின் கணினித் தொகுப்பு இருக்கிறது.

காசைக் கொட்ட வேண்டிய இடம் ரேம், அதாவது திறந்திருக்கும் நிரல்கள் தங்கும் நினைவகம். விண்டோஸ் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். குரோமில் முப்பது டேப் திறந்திருக்கும். பக்கத்தில் இன்டெலிஜே, டாக்கர் என்ற நிரலாக்கக் கருவிகள், கூடவே ஜூம். 8 ஜிபியில் இது மூச்சு முட்டும். 16 ஜிபிக்குக் கீழே பார்க்கவே வேண்டாம். நான்கு வருடம் ஓட்ட வேண்டும் என்பதால், விலை வித்தியாசம் தாங்கும் அளவில் இருந்தால் 32 எடுங்கள். கடைக்காரர் “பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். கடையில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று ஒரு வரி இருக்கும். ‘சோடிம்’ என்றிருந்தால் பெரும்பாலும் கழற்றி மாற்றலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பலகையோடு பற்றவைத்தது, வாங்கும்போது உள்ளதுதான் கடைசி வரைக்கும். மெல்லிய மாடல்களில் பெரும்பாலும் இப்படித்தான். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை அநேக விண்டோஸ் லேப்டாப்களில் பின்னால் மாற்றலாம், அதனால் 512 ஜிபியோடு ஆரம்பித்தால் தப்பில்லை.

அடுத்தது எடை. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டேகால் கிலோ வரும், அதன் சார்ஜர் அரை கிலோவுக்கு மேல். நீங்கள் உட்லண்ட்ஸ் பக்கம் என்றால் பீஷான் வரை வந்து, வட்டப் பாதை ரயிலுக்கு மாறி, கென்ட் ரிட்ஜில் இறங்கி, வளாகப் பேருந்தில் நின்றுகொண்டே போக வேண்டும். இது தினமும். விரிவுரைக் கூடத்தில் எல்லா இருக்கைக்கும் பவர் பாயின்ட் கிடைக்காது. அந்த ரகத்தின் பேட்டரியோ மதியத்துக்குள் படுத்துவிடும். நூலகத்தில் விசிறி உறுமினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அது தனிக் கொடுமை. 14 அங்குலம், 1.4 கிலோவுக்குள், யூஎஸ்பி-சி சார்ஜர். இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேக்கா விண்டோஸா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டும் சரிதான். 2024 அக்டோபரிலிருந்து மேக்புக் ஏர் அடிப்படை மாடலே 16 ஜிபியோடு வருகிறது, பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் அதில் பிறகு ரேமையோ எஸ்எஸ்டியையோ மாற்ற முடியாது. விண்டோஸ் என்றால் உள்ளேயே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை ஓட்ட டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. முழுக்க லினக்ஸுக்கு மாறுகிறேன் என்று சொன்னால் மட்டும் தடுங்கள்: தேர்வுக்குப் பயன்படும் எக்ஸாம்ப்ளிஃபை என்ற மென்பொருள் லினக்ஸிலும் ஓடாது, குரோம்புக்கிலும் ஓடாது. தங்கையின் குரோம்புக் போதாது என்றது அதனால்தான். வழக்கமான இன்டெல், ஏஎம்டி இல்லாமல் ஸ்னாப்டிராகன் சில்லு போட்ட விண்டோஸ் லேப்டாப் கண்ணில் பட்டால், பள்ளி அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேரசல் விற்பனைத் தளத்தில் பழசு பார்ப்பதாக இருந்தால், விண்டோஸ் 11 ஏறுமா என்பதுதான் முதல் கேள்வி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இலேயே முடிந்துவிட்டது.

வாங்கும் இடம்: பல்கலைக்கழக மாணவர் விலையை முதலில் பாருங்கள், பிறகு ஃபுனானிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ போய் ஒப்பிடுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பத்து வரி தட்டச் சொல்லுங்கள். அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் விரலுக்கு இயல்பாக வருகிறதா என்பது எந்த விமர்சன வீடியோவிலும் தெரியாது. கணினிக் கண்காட்சியில் பை, மவுஸ், பிரிண்டர் என்று இலவசமாக அடுக்கிக் காட்டுவார்கள். அதற்காக மாடலை மாற்றாதீர்கள். எல்லை தாண்டி ஜொகூரில் மலிவு என்று யாராவது சொன்னால், போய்வந்தது 48 மணி நேரத்துக்குள் என்றால் வரிச் சலுகை 100 வெள்ளிக்குத்தான், மீதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன ரகம் இரண்டாயிரத்துக்குள் வந்துவிடும். மிச்சத்தில் இருநூறு வெள்ளிக்குள் 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி அவன் மேசையில் வையுங்கள். ஒரு பக்கம் நிரல், மறு பக்கம் பாடக்குறிப்பு என்று வைத்துப் படிக்க, கிராபிக்ஸ் கார்டைவிட அது பத்து மடங்கு உதவும். கேமிங் ஆசைக்கு, தேசிய சேவையில் மாதாமாதம் வந்த படிக்காசு மிச்சம் இருந்தால் அதைப் போட்டு வீட்டில் ஒரு டெஸ்க்டாப் கட்டிக்கொள்ளட்டும். அதே விலைக்கு லேப்டாப்பைவிட நன்றாகவே ஓடும், இதை அவனிடம் சொன்னால் அவனே சம்மதிப்பான்.