பெற்றரித் தண்ணியைத் தேயிலை மண் தாங்குமா?

கேள்வி: மஸ்கெலியா பக்கம் ரோட்டோரமாகப் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். பின்னால் ஓடை. பழைய பெற்றரிகளை அமிலத்தோடு ஏற்ற லொறிக்காரர் மறுப்பதால் பெற்றரித் தண்ணியைக் கடைக்குப் பின்னால் ஊற்றிவிடுவோம். "தேயிலைக்குப் புளிச்ச மண்தானே பிடிக்கும், ஒன்றும் ஆகாது" என்கிறான் கடைப் பையன். செம்பு எடுக்க வயரை எரித்தால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் சண்டைக்கு வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பையன் சொன்னதில் பாதி சரி. தேயிலைக்குப் புளித்த மண், அதாவது அமில மண், வேண்டும்தான். ஆனால் பெற்றரியிலிருந்து வழிவது வெறும் கந்தக அமிலமில்லை, அதில் ஈயமும் கலந்திருக்கிறது. பெற்றரியின் நிறையில் பாதிக்கு மேல் ஈயம்தான். புளித்த மண்ணில் ஈயம் இன்னும் எளிதாகக் கரைந்து நகரும். அதாவது தேயிலை மண்தான் இதற்கு மிக மோசமான இடம். மே மாதம் பருவமழை பிடித்தால் அது உங்கள் ஓடையில் இறங்கும். மஸ்கெலியா ஓயா களனி கங்கையாகி, கொழும்புக்குக் குடிதண்ணீராகப் போகிறது. அவ்வளவு தூரம் ஏன், ஓடைக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற லயம் எத்தனை என்று பாருங்கள். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பெற்றரியைத் திறக்காதீர்கள், உடைக்காதீர்கள், கவிழ்க்காதீர்கள். மூடி இறுக்கி, நிமிர்த்தி, கூரைக்குக் கீழே பலகை மேல் வையுங்கள். வெடிப்பு விழுந்த பெற்றரியை மட்டும் பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள், தகர வாளியை அமிலம் தின்றுவிடும். நீலப் பிளாஸ்டிக் பரலை நெடுக்காக அறுத்தால் ஒழுகுவதைப் பிடிக்க அருமையான தட்டு கிடைக்கும். சிந்திவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு சுண்ணாம்போ அப்பச்சோடாவோ தூவுங்கள். தோட்டத்து டொலமைட் ஆனாலும் சரி, மெதுவாகத்தான் வேலை செய்யும். நுரைப்பது நின்றதும் அள்ளி, மூடியுள்ள பரலில் போடுங்கள். அந்தச் சேற்றிலும் ஈயம் இருக்கும், கானில் கழுவிவிடக் கூடாது. அமிலத்தோடு ஏற்ற மறுக்கும் லொறியை விட்டுவிட்டு, உரிமம் உள்ள சேகரிப்பாளரைப் பிடியுங்கள்.

அப்புறம் வயர். லயத்துச் சனம் சண்டை போடுவது நியாயம்தான். வயரின் பிளாஸ்டிக் தோலான பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையொக்சினும் என்ற நச்சுகள் வரும். நம் பள்ளத்தாக்குகளில் காலை நேரக் குளிர்காற்று கீழேயே தேங்கி நிற்பதால் புகை மேலே போகாமல் கூரைகளுக்கு நடுவே தவழும். நட்டமும் உங்களுக்குத்தான். எரித்த செம்பு கறுத்து, உடையும் தன்மையோடு இருப்பதால் இரண்டாம் தர விலைதான் கிடைக்கும். பளபளவென்று உரித்த செம்புக்குக் கூடுதல் விலை. தடித்த வயரைக் கையால் சுற்றும் உரிக்கும் கருவியில் உரியுங்கள். மெல்லிய வயரில் நேரத்தை வீணாக்காமல் தோலோடு விற்றுவிடுங்கள்.

தோட்டத்துப் பூச்சிமருந்துக் கேன்கள் வந்தால் மூன்று தடவை கழுவியதா என்று கேளுங்கள். அந்தக் கழுவல் தண்ணீர் திரும்ப ஸ்பிரே டாங்கிக்குள் போகவேண்டும், ஓடைக்குள் அல்ல. கேனை உடனே குத்திவிடுங்கள். குத்தாத கேனில் குடிதண்ணீர் பிடித்து வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய பிரிட்ஜின் குழாயை வெட்டி காஸை ஊதவிடாதீர்கள். சில வகைக் காஸ் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும்.

உரிம விஷயமும் இருக்கிறது. இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பெற்றரி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, அதாவது அபாயக் கழிவு. சேர்க்கவும் களஞ்சியப்படுத்தவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். அலைச்சல்தான். ஆனாலும் உரிமம் இருந்தால் நல்ல வாங்குநர்கள் பேசவருவார்கள்.

ஏற்கெனவே ஊற்றிய இடத்தைத் தோண்டிக் கிளறாதீர்கள். ஓடைக்குப் போகும் மழைத்தண்ணீர் அதில் படாதபடி மேலே தகரம் போட்டு, சுற்றிக் கானை வெட்டித் திருப்பிவிடுங்கள். அங்கே கீரை போடுவதும் கோழி மேயவிடுவதும் இன்றோடு நிற்கட்டும்.