புகைப்பதைப் பற்றி டாக்டர் ஏன் கேட்பதே இல்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. ரத்த அழுத்தத்துக்குப் பல வருடங்களாக ஒரே குடும்ப மருத்துவரிடம் போகிறேன். மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிடுகிறார். நான் புகைப்பது தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்கறை இல்லையா? வேறு டாக்டரிடம் போகலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நல்ல பழக்கங்களை எடுத்துச் சொல்வது தங்கள் வேலைதான் என்று பெரும்பாலான குடும்ப மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். சொன்னால் நோயாளி கேட்பார் என்ற நம்பிக்கைதான் பலருக்கு இல்லை. மனம் புண்படுமோ என்ற தயக்கம் வேறு.

அந்த அவநம்பிக்கை தவறு. 1979இல் வெளியான லண்டன் ஆய்வில் குடும்ப மருத்துவர்கள் செய்தது ஓரிரு நிமிட அறிவுரை, ஒரு துண்டுப் பிரசுரம், ‘மறுபடி விசாரிப்பேன்’ என்ற எச்சரிக்கை, அவ்வளவுதான். ஓராண்டுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தவர்கள் 5.1 சதவீதம், எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதம். ஒரு மருத்துவர் ஆண்டு முழுக்கப் பார்க்கும் கூட்டத்தில் இது சிறிய எண்ணிக்கை அல்ல.

ஆனால் பரிசோதனைக்கும் ஊசிக்கும் கட்டணம் உண்டு, பேசுவதற்கு இல்லை. வாசலில் வரிசை நிற்க, ஐந்து நிமிடத்தில் ஒருவரை அனுப்பும்படி ஏற்பாட்டை வைத்துவிட்டு, ‘நோய்த் தடுப்பே முக்கியம்’ என்று சுவரொட்டி ஒட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள். கிளம்பும்போது அல்ல, உட்கார்ந்ததுமே: “சிகரெட்டை விடணும் டாக்டர், உதவி பண்ணுங்க.” நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, மாத்திரை எது பொருந்தும் என்று கேளுங்கள். மறுபடி வர ஒரு தேதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

டாக்டர்கள் பேசாமல் விடும் இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். ‘முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்’, ‘நச்சு நீக்கும் பொடி’, ‘மூன்றே மாதத்தில் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாம்’ என்பார்கள். பரிசோதனை மட்டுமே யாருடைய சிகரெட்டையும் நிறுத்திவிடாது. டாக்டர் சொல்லாமல் பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இப்படிப் பரிசோதனைக்கு யார் அனுப்பினாலும், அனுப்பியவருக்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள்.

சிகரெட்டை ஒரே நாளில் விடலாம். மது அப்படியல்ல. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து மனக்குழப்பம், உயிருக்கே ஆபத்து. வீட்டார் வைராக்கியம் என்று மெச்சி, கை நடுக்கத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். வேண்டாம். குடிப்பழக்கமும் இருந்தால் அளவை மறைக்காமல் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கண்காணிப்பில் மட்டும் நிறுத்துங்கள்.

இத்தனையும் கேட்டபிறகும் “அது உங்க பாடு” என்று கையை விரித்தால், அப்போது வேறு டாக்டரைப் பாருங்கள்.