மூன்று மணி இருமலைக் கவனியுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். வயது 36. இரண்டு வருடமாகக் காலையில் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு. கொஞ்ச நாளாக விடியற்காலை 3 மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. மெடிக்கலில் கலந்து தரும் மாத்திரைக்குக் கேட்கிறது. கத்தரிக்காய், தயிர் நிறுத்திவிட்டேன். என் அம்மா மூச்சிரைப்பில்தான் போனார். இன்ஹேலர் பிடித்தால் விடவே முடியாது என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: தும்மலையும் கண் அரிப்பையும் வீட்டிலேயே நன்றாகக் குறைக்கலாம். அந்த 3 மணி இருமலை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, அம்மா.

மூச்சுக்குழாய் எல்லோருக்குமே விடியற்காலையில் சற்றுச் சுருங்கும். ஆஸ்துமா இருப்பவருக்கு அந்தச் சுருக்கம் அதிகம். அதனால்தான் இருமல் அந்த நேரம் பார்த்து எழுப்புகிறது. நெஞ்சில் ‘கீச் கீச்’ சத்தம் வந்தால்தான் ஆஸ்துமா என்றில்லை, சிலருக்கு வெறும் இருமல்தான் வரும். இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போங்கள். குழாயில் ஊதவைத்துப் பார்ப்பார்கள். பிறகு மருந்தை இழுக்கவைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஊதும் காற்று 12 சதவீதத்துக்கும் 200 மி.லி.க்கும் மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு அது பலமான சாட்சி. தொந்தரவு இல்லாத நாளில் ஊதினால் சரியாகவே காட்டலாம். அதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடாமல், இரவு இருமலை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேருமோ என்ற பயத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்துமாவில் உயிர் போவது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. தினமும் இழுக்க வேண்டிய மருந்தை விட்டுவிட்டு, மூச்சு முட்டும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரையோ ஊசியையோ நம்பியிருப்பதுதான் ஆபத்து. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்பது பொய். இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டு மருந்தான புடசோனைடு ஒரு முறை இழுத்தால் 200 மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. 10 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்றால் 10,000 மைக்ரோகிராம், உடம்பு முழுக்க. வேறு வேறு மருந்துதான். ஆனாலும் மாத்திரைக்குப் பயப்படாதவர் இன்ஹேலருக்குப் பயப்படுவது என்ன நியாயம்? இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், வாய்ப்புண் வருவது குறையும்.

அந்த மெடிக்கல் மாத்திரை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் கலவைகளில் ஸ்டீராய்டு அடிக்கடி இருக்கும். ‘மாத்திரைக்குக் கேட்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதே அந்தச் சந்தேகத்தைத் தருகிறது. சர்க்கரை ஏறும், ரத்தக்கொதிப்பு ஏறும், எலும்பு தேயும். வாரக்கணக்கில் தொடர்ந்து தின்றிருந்தால் நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். மிச்சப் பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டி அவர் சொல்கிறபடி குறையுங்கள். செட்டிரிசின் தும்மலை அடக்கும், மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தை விரிக்காது. மூக்கடைப்புக்கான ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

கத்தரிக்காயும் தயிரும் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இனி வீட்டு வேலை. காய்ந்த புழு எச்சம், இலைத்தூள், கூட்டின் மேல் பஞ்சு, தோலுரிப்புக்குப் பின் தூவும் சுண்ணாம்பு-பிளீச்சிங் பொடி எல்லாமே மூக்குக்கு ஆகாதவை. புழு வளர்க்கும் மனையை ஈரமாக்கச் சொல்லவில்லை, கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் புழுவுக்கு ஈரம் ஆகாது. எச்சம் அள்ளுவதையும் பொடி தூவுவதையும் வீட்டில் வேறொருவர் செய்யட்டும். வேறு ஆள் இல்லையென்றால் என்-95 முகக்கவசம் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாதபடி பாருங்கள். முந்தானையில் நுண்தூள் நிற்காது. மனைக்கென்று ஒரு சேலையைத் தனியாக வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் மாற்றிவிடுங்கள். மனையில் வேலை செய்த நாளில் தலைக்கு ஊற்றாமல் படுக்காதீர்கள். முடியில் ஒட்டிய தூள் ராத்திரி முழுக்கத் தலையணையில் உதிரும்.

மூக்கு கழுவுவது நல்ல பலன் தரும், சரியாகச் செய்தால். கால் லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் மூக்குத் துளையில் மெல்லச் செலுத்துங்கள். கீழ்த் துளை வழியாக வடியும். எரிந்தால் உப்பு அளவு தப்பியிருக்கும். கிணறு, போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஒருநாளும் மூக்கில் விடாதீர்கள்; மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் நுழைகிறது. கழுவியதும் பலமாகச் சிந்த வேண்டாம், காது அடைக்கும்.

தலையணை உறை, போர்வை இரண்டையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் துவையுங்கள். படுக்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுகிறது, உதடு நீலம் பூக்கிறது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆவி பிடித்துக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாது.