தலையாட்டியும் வாசல்காரரும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் ஆரையம்பதி. வயது இருபத்தொன்பது. மட்டக்களப்பில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற ஒக்டோபரில் ஒரு பயிற்சிக்காகப் பத்து நாள் பெர்லின் போயிருந்தேன். அங்கே கூடப் படித்த பிரேசில்காரப் பெண் ஒருத்தி சனிக்கிழமை இரவு என்னை ட்ரெசோர் என்ற டெக்னோ கிளப்புக்குக் கூட்டிப்போனாள். நீளமான ஒரு சுரங்கப் பாதையால் நடந்து நிலத்துக்குக் கீழே போகவேண்டும். புகை, இருட்டு, வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சம். போன் கமராவுக்கு வாசலிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்.

முதல் அரை மணித்தியாலம் தலையிடிதான். ஒரே 'டம் டம்'. பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் கால் தானாக ஆடத் தொடங்கிவிட்டது. வெளியே வந்தபோது விடிய ஐந்தரை. நான் குடிக்கவில்லை, எதுவும் பாவிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான்.

என் அம்மம்மா கண்ணகி அம்மன் கோயிலில் தெய்வம் ஆடுகிறவர். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். அந்த நிலவறையில் அவருடைய ஞாபகம்தான் வந்தது. இதுவும் அதுவும் ஒன்றுதானா ஐயா? இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர், "வெள்ளைக்காரன் கூத்தடிக்கிற இடத்தைக் கோயிலோடு சேர்க்காதே" என்று ஏசினார். டெக்னோ யுனெஸ்கோவே அங்கீகரித்த கலை என்று நானும் விடாமல் வாதாடினேன். நீங்கள் இப்படி ஒரு இடத்துக்குப் போனதுண்டா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவேண்டுமா என்றும் தெரியவில்லை.

பி.கு: அங்கே வாங்கிய காதடைப்பான் இரண்டு சோடி இன்னும் கைப்பையில் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை.

எஸ்.

—

அன்புள்ள மகள்,

போயிருக்கிறேன். 2018 மார்ச். எனக்கு அப்போது ஐம்பது வயது. டோர்ட்முண்டில் இருக்கும் தங்கச்சியின் மகன் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் சுவரையும் அருங்காட்சியகங்களையும் காட்டினான். மூன்றாம் நாள், "மாமா, உண்மையான பெர்லினைப் பார்க்கவேணுமென்றால் ஒரு மணிக்கு வெளிக்கிடுங்க" என்றான். பகல் ஒரு மணி என்று நினைத்து நான் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தேன்.

தன்னுடைய கறுப்புச் சட்டை ஒன்றை எனக்குப் போட்டுவிட்டான். வரிசையில் சத்தமாகக் கதைக்கக்கூடாது, போனை நோண்டக்கூடாது, ஆளை ஆள் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று வழியெல்லாம் பாடம். முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். ஒன்றே முக்கால் மணித்தியாலம் குளிரில் நின்றோம். அந்த ஊரில் பல கிளப்புகளில் காசு இருந்தால் மட்டும் உள்ளே போக முடியாது. வாசலில் நிற்கிறவர் முகத்தைப் பார்ப்பார். தலையை மேலும் கீழும் ஆட்டினால் உள்ளே போகலாம். பக்கவாட்டில் ஆட்டினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். காரணம் சொல்லமாட்டார், கேட்பதும் வழக்கமில்லை.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு 'தலையாட்டி' என்ற சொல் எந்த அளவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு சுற்றிவளைப்பு என்றால் இப்படித்தான்: விடியற்காலை ஊரையே எழுப்பி மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் விடுவார்கள். வரிசை முடியும் இடத்தில் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்கவேண்டும். அவன் தலை ஆடினால் உங்களை ஒரு பக்கம் இழுத்துவிடுவார்கள். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் மூன்று தரம் நின்றிருக்கிறேன். மூன்றாம் தரம் எனக்கு முன்னால் நின்றவன் என்னோடு படித்தவன். அவனுக்குத் தலை ஆடியது. அதை இந்தக் கடிதத்துக்குள் எழுத முடியாது.

இருபத்தேழு வருடம் கழித்து பெர்லினில், ஒரு கிளப் வாசலில், அதே முழங்கால் அதே மாதிரி நடுங்கியது. "குளிருதா மாமா?" என்றான் மருமகன். ஓம் என்றேன். எங்கள் முறை வந்தது. வாசல்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். தலை பக்கவாட்டில் அசைந்தது. எனக்கு வந்தது சிரிப்பு! உடம்புக்குத் தெரிந்தது பழைய கணக்குத்தானே. தலை மேலும் கீழும் ஆடவில்லை, தப்பியாச்சு. பொடியன் முகம் கறுத்துப்போய் வருகிறான், நான் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு நடக்கிறேன். மாமாவுக்கு விசர் என்று அவன் தாய்க்குத் தகவல் போனது அடுத்த நாள்.

அங்கிருந்துதான் ட்ரெசோருக்குப் போனோம். அதே சுரங்கப் பாதை, அதே புகை.

அந்த நிலவறைக்கு ஒரு கதை இருக்கிறது. பழைய ட்ரெசோர் இப்போதைய இடத்தில் இல்லை, லைப்சிகர் வீதியில் இருந்தது. வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தின் பெரிய கடைத்தொகுதி அது. நாசிகள் காலத்தில் அவர்கள் கையைவிட்டுப் போனது. யுத்தத்தில் கட்டிடம் சிதைந்தது, நிலத்துக்குக் கீழே இருந்த பணப்பெட்டக அறை மட்டும் தப்பியது. பக்கத்திலேயே பெர்லின் சுவர் எழும்பியதால் அந்த நிலம் பல வருடம் சும்மா கிடந்தது. 1989 நவம்பர் 9 இல் சுவர் திறந்த பிறகு கிழக்குப் பக்கத்தில் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத கட்டிடங்கள் ஏராளம். டிமிட்ரி ஹெகமன் என்பவரும் கூட்டாளிகளும் இந்த அறையைக் கண்டுபிடித்து 1991 மார்ச்சில் கிளப்பாகத் திறந்தார்கள். ட்ரெசோர் என்றால் பெட்டகம். 2005 இல் அந்த இடம் கைவிட்டுப் போக, 2007 இல் நீங்கள் பார்த்த பழைய மின்நிலையக் கட்டிடத்துக்கு வந்தார்கள். துருப்பிடித்த பழைய பெட்டகங்களையும் கூடவே கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

மேற்கு பெர்லினில் 1949 இலிருந்தே இரவில் இத்தனை மணிக்குக் கடையை மூடு என்ற சட்டம் கிடையாது. அந்த வழக்கம்தான் பிறகு முழு நகரத்துக்கும் வந்தது. 1991 மார்ச்சில் அவர்கள் விடிய விடிய ஆடினார்கள். அதே மார்ச்சில் நாங்கள் மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, நாய் குரைக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இதில் யார் மேலும் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தத் திகதியைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் நண்பருக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது அல்ல. டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் டெட்ரொயிட்டில். அது கார் தொழிற்சாலைகளின் ஊர். எண்பதுகளில் அந்தத் தொழில் படுத்து, பாதி ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து பெல்வில்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று கறுப்பினப் பொடியன்கள், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், வீட்டில் வைத்து இதைச் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கருவியும் அப்படித்தான். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980 இல் 808 என்றும் 1983 இல் 909 என்றும் தாள இயந்திரங்களை விட்டது. உண்மையான மேளம் மாதிரி இல்லை என்று அதிகம் பேர் வாங்கவில்லை, சில வருடத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்கு வந்த பிறகுதான் காசில்லாத பொடியன்கள் கைக்குப் போனது. நீங்கள் நெஞ்சில் வாங்கிய அந்த 'டம்' பெரும்பாலும் 909 இன் வாரிசு. பெர்லின்காரர்கள் டெட்ரொயிட் ஆட்களைக் கூப்பிட்டு, தங்கள் நிலவறையில் வாசிக்கவைத்து, அவர்களுடைய இசைத்தட்டுகளையும் வெளியிட்டார்கள்.

இரண்டாவது, 'கூத்தடிக்கிறது' என்ற சொல். கூத்துக்குப் பேர்போன மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை ஏச்சாகப் பாவிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ. சரி, விடுங்கள்.

இது இசைதானா என்பதற்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலவு காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்து மீன் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சத்தம் துடுப்பால் ஏறி எலும்புக்குள் வருகிறது. அந்த நிலவறையிலும் அப்படித்தான் இருந்தது. அடிச்சத்தம் நிலத்தால் ஏறி, முழங்காலால் வந்து, நெஞ்சுக்கூட்டில் நின்றது. நிமிடத்துக்கு நூற்று முப்பது அடி அளவில், ஒரே சீராக. ஒரு இசைத்தட்டு முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாமல் கலந்துவிடுகிறான் வாசிக்கிறவன். நான் உங்களைப் போல விடியும்வரை ஆடவில்லை. நாற்பது நிமிடம் ஆடினேன், அப்புறம் இடுப்பு சொன்னதைக் கேட்டேன்.

இனி அம்மம்மா. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் சந்தோசம், எனக்கும் நாலு பேர் கைதட்டுவார்கள். விடிய விடிய அடி, உடம்பு தன்பாட்டில் ஆடுவது, காலையில் வெளிச்சம் பட்டதும் வரும் களைப்பு, இதெல்லாம் பொருந்தும். ஆனால் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கை யோசித்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருதரம் கதவு திறக்கிறது. அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திப் பாட்டு பாடி முடிய, அடுத்த வருடம் வரை பூட்டு. உடுக்குச் சத்தத்தில் ஒரு பெண்ணுக்கு உரு வருகிறது. உடனே என்ன நடக்கிறது? ஒருத்தி இடுப்பைப் பிடிக்கிறாள், ஒருத்தி கூந்தலை ஒதுக்குகிறாள், மஞ்சள் தண்ணீர் வருகிறது, வேப்பிலை வருகிறது. அப்புறம் கேட்கிறோம்: "வந்திருக்கிறது யாரு?" தெய்வம் வந்தாலும் பெயர் சொல்லவேண்டும் பிள்ளை! சொல்லாமல் விடமாட்டோம். ஆடுகிறது யாருடைய மகள், எந்தக் குடி, போன வருடம் ஆடினாளா, எல்லாம் சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியும். கூத்துக்களரியும் அப்படித்தான். வட்டத்தின் நடுவில் மத்தளத்தோடு, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் நிற்பார். அருச்சுனன் வரவு ஆடும்போது அருச்சுனனைப் பார்க்கிறோம், கூடவே கந்தப்பரின் இரண்டாவது மகன் கால் பிழைக்கிறதையும் பார்க்கிறோம்.

ட்ரெசோரில் வாசிக்கிறவன் இரும்புக் கம்பிக்குப் பின்னால், இருட்டில் நிற்கிறான். அவன் முகமே தெரியாது. பக்கத்தில் ஆடுகிறவளின் முகம் ஒரு மின்னலுக்குத் தெரிந்து மறைகிறது. படம் எடுக்க முடியாது. நான் நின்ற மூன்று மணித்தியாலத்தில் ஒருவரும் என்னிடம் எந்த ஊர், எந்த நாடு, என்ன சமயம், கலியாணம் முடித்தாயா என்று கேட்கவில்லை. இளவயதில் அடையாள அட்டையை உடம்பின் ஒரு உறுப்பாகக் கொண்டு திரிந்தவன் நான். கக்கூசுக்குப் போகும்போதும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிற ஆள். அந்த இரவு அந்தக் கை ஒருதரமும் சட்டைப்பைக்குப் போகவில்லை என்பது திரும்பி ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. உங்களுக்கு அது வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு மட்டக்களப்புப் பெண்பிள்ளை விடிய ஐந்தரை வரை, யாரும் பாராமல், யாருடைய மகளாகவும் இல்லாமல். கால் தானாக ஆடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிதான் தாளத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

அதற்காக நிலவறையே உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. போதைக் குளிசை பாவிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், அதை ஒளிக்கத் தேவையில்லை. சுவரோரம் ஒரு பொடியன் தலையைத் தொங்கப்போட்டு இருந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கவே எத்தனையோ பேர் அவனைக் கடந்து போனார்கள். கடைசியில் அங்கே வேலை செய்கிற ஒரு பெண் தண்ணீரோடு வந்து பக்கத்தில் குந்தினாள். நம் கோயிலில் என்றால் அவன் தலை தொங்கு முன்னமே நாலு மாமிமார் வந்திருப்பார்கள். மாமிமார் வேண்டும், மாமிமாரின் கண்ணும் வேண்டாம். எனக்கு இதற்கு விடை தெரியாது.

ஒரு சின்னத் திருத்தம். யுனெஸ்கோ உலகப் பட்டியலில் பெர்லின் டெக்னோ இல்லை. 2024 மார்ச்சில் ஜேர்மன் யுனெஸ்கோ ஆணைக்குழு தங்கள் நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் வேறு. அதற்கு முன்னம் 2016 இல், பெர்கைன் என்ற கிளப்பில் நடப்பது இசைக்கச்சேரிக்குச் சமம், ஆகவே 19 வீத வரி வேண்டாம், 7 வீதம் போதும் என்று ஒரு வரி நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த தரம் நண்பரோடு வாதாடும்போது வரித் தீர்ப்பை எடுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவு, பொருத்தமாகவும் இருக்கும்.

அம்மாவிடம் சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் அம்மம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். விடிய விடிய ஆடினேன், காலில் களைப்பே தெரியவில்லை என்றால் அவருக்கு விளங்கும். என்னுடைய ஊகம், அவரும் உங்களிடம் கேட்பார்: வந்தது யாரு என்று.

காதடைப்பானை எறியவேண்டாம். இரண்டு சோடியில் ஒன்றை எனக்கு வையுங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் இந்த வருடம் என் வீட்டுப் பக்கம் பார்த்து எட்டு ஸ்பீக்கர் கட்டப்போகிறார்களாம்.